‘கதவடைப்பு’ என்றால் உங்கள் ஊரில் கதவை அடைப்பது யார்?

அகராதிப்பூச்சி எழுதியது:

வணக்கம். மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. தொழிலாளர் சட்டம் பற்றி ஒரு சின்னக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைத் தமிழ்நாட்டிலும் படிப்பார்கள், இலங்கையிலும் படிப்பார்கள், அங்கேதான் சிக்கல்.

ஸ்டிரைக் என்றால் வேலைநிறுத்தம், சரி. லாக்கவுட், அதாவது நிர்வாகமே ஆலையைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்துவது, வருகிற இடத்தில் ‘கதவடைப்பு’ என்று போட்டிருந்தேன். சென்னையில் வளர்ந்தவள், செய்தித்தாளில் சின்ன வயதிலிருந்து பார்த்த சொல், யோசிக்கவே இல்லை. மெய்ப்புப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓரத்தில், ‘இதென்ன, முதலாளி ஏன் ஹர்த்தால் செய்கிறார்?’ என்று எழுதி அனுப்பிவிட்டார். எனக்கு அவர் கேள்வியே முதலில் புரியவில்லை.

அதற்கப்புறம் முழுப் பட்டியலையும் திரும்பப் பார்த்தேன், எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிட்டது. லே-ஆஃப் என்ற இடத்தில் ‘தற்காலிகப் பணிநீக்கம்’ என்று போட்டிருக்கிறேன், இரண்டு பக்கம் தள்ளி சஸ்பென்ஷனுக்கும் அதையே போட்டிருக்கிறேன். கோ-ஸ்லோ என்பதற்கு ‘மெதுவாகப் பணிபுரிதல்’ என்று எழுதியதைப் படித்தால் எங்கள் வீட்டு எலெக்ட்ரீஷியன் ஞாபகம்தான் வருகிறது. வொர்க்-டு-ரூல், பிக்கெட்டிங், கெராவ், பிளாக்லெக் எல்லாம் இன்னும் பாக்கி. அகராதி வேண்டாம், என்னிடம் மூன்று இருக்கிறது. ஆலையில், அலுவலகத்தில், தோட்டத்தில் நிஜமாகவே என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொக்குவில்_சைக்கிள் எழுதியது:

அந்த மெய்ப்புப் பார்த்தவர் நான் இல்லை, ஆனால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன் அக்கா.

எங்கட பக்கம் ‘பூரண கதவடைப்பு’ என்று நோட்டீஸ் வந்தால் வடக்கு கிழக்கு முழுக்கக் கடை பூட்டு, பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் வெறிச்சோடும். அதாவது ஹர்த்தால். இரண்டு சொல்லையும் மாறி மாறிப் போடுவார்கள். முதலாளி தொழிலாளியை வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிற அர்த்தம் எங்களுக்கு மனதில் வரவே வராது.

ஹர்த்தால் என்ற சொல்லுக்கு இலங்கையில் ஒரு கனம் உண்டு. 1953 ஆகஸ்ட் 12. அரிசி மானியத்தை வெட்டி, ஒரு கொத்து (அரிசி அளக்கிற அளவு) 25 சதத்துக்கு வந்த கூப்பன் அரிசியை 70 சதமாக்கினார்கள். நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன, பிரதமர் டட்லி சேனநாயக்க. இடதுசாரிக் கட்சிகள் கூப்பிட்ட ஹர்த்தாலில் தண்டவாளத்தைக் கழற்றினார்கள், ரோட்டை மறித்தார்கள், பொலிஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டது, அக்டோபரில் டட்லி ராஜினாமா. அதனால் ஹர்த்தால் என்றால் எங்களுக்கு ஒரு தொழிற்சாலை விவகாரம் இல்லை, நாட்டு விவகாரம்.

தொழிற்சங்கம் செய்கிறதுக்கு நாங்கள் சொல்கிறது ‘பணிப்பகிஷ்கரிப்பு’. வேலைநிறுத்தமும் உண்டு, ஆனால் பேப்பரில் ரயில் சாரதிகள், தபால்காரர், டாக்டர்மார் என்றால் பணிப்பகிஷ்கரிப்புதான். உங்கட பக்கம் ‘பகிஷ்கரிப்பு’ என்பதைத் தூக்கிவிட்டுப் ‘புறக்கணிப்பு’ என்று மாற்றிப்போட்டீர்கள், நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம். எல்லாரும் ஒரே நாளில் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தால் ‘சுகயீன விடுமுறைப் போராட்டம்’. வொர்க்-டு-ரூலுக்கு, அதாவது விதியில் உள்ளதை மட்டும் செய்து மற்றதை விடுகிறதுக்கு, ‘சட்டப்படி வேலை’. இது எனக்கு மிகவும் பிடித்த சொல், ஏனென்றால் மற்ற நாட்களில் எப்படி வேலை நடக்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. இன்டஸ்ட்ரியல் டிஸ்பியூட் என்பதற்கு நீங்கள் ‘தொழில் தகராறு’ என்பீர்கள். எங்கட 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தைத் தமிழில் ‘கைத்தொழில் பிணக்கு’ என்றுதான் சொல்கிறது.

---

ரிங்ஃபிரேம்_ரிட்டயர்டு எழுதியது:

தொழில் பிணக்கா! எங்கள் ஊரில் பிணக்கு என்றால் புருஷன் பெண்டாட்டி முகம் திருப்பிக்கொள்வது. உங்களுக்குத் ‘தகராறு’ டீக்கடைச் சண்டை மாதிரி கேட்குமோ என்னவோ.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருஷம். பதிலியாகச் சேர்ந்தேன், அதாவது நிரந்தர ஆள் வராத அன்றைக்கு மட்டும் வேலை, காலையில் கேட்டில் நின்று பேர் கூப்பிடுவார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு பெர்மனென்ட். நாலு ஸ்டிரைக், ஒரு லாக்கவுட் பார்த்திருக்கிறேன். ஆலைப் பெயர் வேண்டாம்.

மகளே, உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: ஆலைக்குள் யாரும் ‘கதவடைப்பு’ என்று பேசுவது இல்லை. அது நோட்டீசிலும் பேப்பரிலும் வருகிற சொல். வாயில் ‘லாக்கவுட்’தான். ‘கம்பெனி லாக்கவுட் போட்டுட்டான்’ என்போம். வேலைநிறுத்தத்துக்கு ‘ஸ்டிரைக்’, மெதுவாக ஓட்டினால் ‘கோ-ஸ்லோ’ இல்லாவிட்டால் ‘ப்ரொடக்‌ஷனைக் குறைக்கிறது’. ஷிப்ட் முடிந்தும் வெளியே போகாமல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டால் ‘உள்ளிருப்பு’. இது மட்டும் நல்ல தமிழிலேயே புழங்குகிறது, ஏன் என்று தெரியாது, சொல்ல எளிதாக இருப்பதால் இருக்கலாம். கேட்டுக்கு வெளியே ஷிப்ட் மாறுகிற நேரத்தில் தலைவர் பேசினால் ‘கேட் மீட்டிங்’, சங்கத்து நோட்டீசில் ‘வாயிற்கூட்டம்’. ஒப்பந்தம் ஆனால் ‘செட்டில்மென்ட்’. லேபர் ஆபீசில் அதிகாரி முன்னால் போட்டால் ‘டுவெல்வ் த்ரீ’. ‘டுவெல்வ் த்ரீ போட்டாச்சா?’ என்று என் வீட்டுக்காரம்மாவே கேட்பார், அது ஒரு சட்டப்பிரிவின் எண் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது, போனஸ் வரப்போகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்.

லாக்கவுட் கதையைச் சொல்கிறேன், அதில் உங்கள் சொல் விவகாரமும் இருக்கிறது. வேலைப்பளு பற்றித் தகராறு, ஒரு ஆள் பார்க்கிற ஃபிரேம், அதாவது நூற்கிற மெஷின், எண்ணிக்கையைக் கூட்டினார்கள். நாங்கள் கூட்டாமல் பழைய கணக்குக்கே ஓட்டினோம். பத்துப் பதினைந்து நாள். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போனால் கேட் பூட்டி இருக்கிறது, இரவு ஷிப்ட் ஆட்கள் வெளியே நிற்கிறார்கள், டிபன் கேரியர் சிலருடையது உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஒரு போலீஸ் வேன். கேட்டில் ஒட்டிய நோட்டீசைச் சத்தமாகப் படித்தார்கள். ‘தொழிலாளர்களின் சட்டவிரோத வேலைநிறுத்தத்தின் காரணமாக மறு அறிவிப்பு வரும் வரை ஆலை மூடப்படுகிறது.’

பாருங்கள், நாங்கள் எல்லாரும் வேலைக்கு வந்து நிற்கிறோம். சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறோம். நோட்டீஸ் சொல்கிறது நாங்கள் ஸ்டிரைக்காம்! ஒரு கிழவர், என்னைவிட மூத்தவர், ‘டேய், நான் எப்படா ஸ்டிரைக் பண்ணேன், எனக்கே தெரியாம?’ என்று கேட்டார், அவ்வளவு பசியிலும் சிரித்துவிட்டோம். அப்புறம் 54 நாள். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்கிற வழக்கில் கேள்வியே இதுதான்: இது வேலைநிறுத்தமா, கதவடைப்பா. சொல்லைப் பொறுத்துத்தான் சோறு.

---

பிரிவு_இருபத்திரண்டு எழுதியது:

ஐயா சொன்னதில் சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். லேபர் கோர்ட்டில் பத்து வருஷம் கட்டு தூக்கியவன்.

நோட்டீசில் ‘சட்டவிரோத வேலைநிறுத்தம்’ என்று எழுதியது வாய் தவறி இல்லை. 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில், சட்டவிரோத வேலைநிறுத்தத்தின் விளைவாகப் போடப்படும் கதவடைப்பு சட்டவிரோதமாகக் கருதப்படாது என்று 24ஆம் பிரிவில் இருந்தது. ஆகவே கதவைப் பூட்டுகிற நிர்வாகம் முதலில் எதிராளிக்குப் பெயர் வைத்துவிட்டுத்தான் பூட்டும். சில இடங்களில் கதவடைப்பு என்ற சொல்லையே தொடமாட்டார்கள், ‘உற்பத்தி தற்காலிகமாக நிறுத்தி வைப்பு’ என்று போடுவார்கள்.

அகராதிப்பூச்சி, உங்கள் பட்டியலில் அவசரமாகத் திருத்த வேண்டியது லே-ஆஃப். இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் என்பது வேலையை விட்டு அனுப்புவது இல்லவே இல்லை. கரன்ட் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, சரக்கு தேங்கிவிட்டது, இயந்திரம் பழுது, இந்த மாதிரிக் காரணத்தால் மஸ்டர் ரோலில் பெயர் உள்ள ஆளுக்கு அன்றைக்கு வேலை கொடுக்க முடியாமல் போவது. ஆள் இன்னும் கம்பெனி ஆள்தான், ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடாக வரும். அதற்கு ‘பணிநீக்கம்’ என்ற சொல்லை எந்த அடைமொழியோடும் போடாதீர்கள், படிக்கிறவர் வேலை போய்விட்டது என்று பயந்துவிடுவார். ‘தற்காலிக வேலையின்மை’ என்று சிலர் எழுதுகிறார்கள், நான் ‘லே-ஆஃப்’ என்றே விட்டுவிட்டு ஒரு வரி விளக்கம் போடச் சொல்வேன். சஸ்பென்ஷன் ‘பணியிடை நீக்கம்’, அது விசாரணை நடக்கும்போது. டிஸ்மிஸல் ‘பணிநீக்கம்’. ரெட்ரெஞ்ச்மென்ட் ‘ஆட்குறைப்பு’. அதில் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. குளோஷர் ‘ஆலை மூடல்’, அது நிரந்தரம், கதவடைப்போடு கலக்கக் கூடாது.

வேலைநிறுத்தம் என்ற சொல்லின் எல்லையும் நகர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் ரொம்ப காலமாக ‘ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்புப் போராட்டம்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பேச்சில் ‘மாஸ் சி.எல்.’ இது வேலைநிறுத்தம் இல்லை, எல்லோரும் ஒரே நாளில் தங்கள் உரிமையான லீவை எடுக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது வாதம். 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இதைக் குறிவைத்தே எழுதியது போல, ஒரு நாளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் கூடிப் பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான் என்று இலக்கணத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும். உங்கள் கையேடு பழைய சட்டத்தை வைத்து எழுதப்பட்டிருந்தால் அதை முதலில் பாருங்கள், சொல் அப்புறம்.

வக்கீல்கள் விஷயமும் ஒன்று. 2002இல் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் தீர்மானங்களில் நீங்கள் பார்ப்பது ‘நீதிமன்றப் புறக்கணிப்பு’, ‘பணியிலிருந்து விலகியிருத்தல்’. வேலைநிறுத்தம் என்ற சொல் கிடையாது, நாங்கள் தீர்ப்பை மதிக்கிறவர்கள். :)

---

தறிச்சத்தம் எழுதியது:

நான் கேட்பது வேறு. நாங்கள் செய்வதற்கு என்ன பேர்?

சோமனூர்ப் பக்கம், எட்டுத் தறி. கூலிக்கு நெய்கிறவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் தருவார், நாங்கள் துணியாக நெய்து திருப்பிக் கொடுப்போம், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி எங்களுடையது, ஷெட் எங்களுடையது, கரன்ட் பில் எங்களுடையது, நூல் அவருடையது, துணியும் அவருடையது. எங்கள் தறியில் ஓட்டுவதற்கு இரண்டு ஆள் வைத்திருக்கிறேன். கூலி கூட்டித் தரவில்லை என்று 2022 ஆரம்பத்தில் கோவை திருப்பூர் மாவட்டங்களில் வாரக்கணக்கில் தறியை நிறுத்தினோம். பேப்பரில் ‘விசைத்தறியாளர்கள் வேலைநிறுத்தம்’ என்று வந்தது.

நான் முதலாளியா தொழிலாளியா? உற்பத்தியாளரிடம் கூலி கேட்டு நிறுத்துகிற வகையில் இது ஸ்டிரைக். என்னிடம் வேலை செய்கிற இரண்டு பேர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நாள் காலையில் ஷெட் பூட்டிக் கிடக்கிறது. அவர்களுக்கு அது லாக்கவுட் இல்லாமல் வேறென்ன? அந்த வாரங்களில் முன்பணம் கொடுத்து ஓட்டினேன், அதுவும் எத்தனை நாளைக்கு.

---

பிரிவு_இருபத்திரண்டு எழுதியது:

அண்ணா, சட்டத்தில் ‘ஸ்டிரைக்’ என்றால் ஒரு தொழிலில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் கூடிச் செய்வது. நீங்கள் உற்பத்தியாளரின் வேலையாள் இல்லை, ஒப்பந்தக்காரர். ஆக ஏட்டுப்படி உங்களுடையது வேலைநிறுத்தம் இல்லை, வியாபாரம் செய்ய மறுப்பு. ஆனால் பேச்சு நடப்பதென்னவோ கலெக்டர் முன்னாலும் லேபர் அதிகாரி முன்னாலும், கேட்பது கூலி உயர்வு. பேப்பர்காரர் வேலைநிறுத்தம் என்று எழுதினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

உங்களைப் போலவே லாரிக்காரர்கள். ‘லாரி ஸ்டிரைக்’ என்று நாடே சொல்கிறது, நிறுத்துவது லாரி உரிமையாளர்கள். ராமேஸ்வரம் மீனவர்கள் சிலரை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் ‘காலவரையற்ற வேலைநிறுத்தம்’ என்று அறிவித்துக் கடலுக்குப் போகாமல் இருக்கிறார்கள், அங்கே எதிரே முதலாளி என்று யாரும் இல்லை, இரண்டு அரசாங்கம் இருக்கிறது.

---

கொக்குவில்_சைக்கிள் எழுதியது:

தறிச்சத்தம் அண்ணா எழுதினதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. கோயமுத்தூரில் ஆலை முதலாளி தன்னுடைய கதவைத் தானே அடைக்கிறார். யாழ்ப்பாணத்தில் கடைக்காரர் தன்னுடைய கதவைத் தானே அடைக்கிறார். இரண்டிலும் அடைக்கிறது கதவுக்குச் சொந்தக்காரர்தான், யாருக்கு எதிராக என்பதுதான் வேறு. அங்கே தொழிலாளிக்கு எதிராக, இங்கே அரசாங்கத்துக்கு எதிராக. சொல் ஒரே சொல்லாகக் கிடக்கிறதில் ஆச்சரியம் இல்லை.

ஹர்த்தால் என்ற குஜராத்திச் சொல்லும் அதேதான்: கடைக்குப் பூட்டு. ‘ஹாட்’ கடை, ‘தாளு’ பூட்டு. அப்படிப் பார்த்தால் உங்கட ‘கடையடைப்பு’ வரிக்கு வரி மொழிபெயர்ப்பு.

---

சந்து_முனை_நூலகம் எழுதியது:

அந்த ஹர்த்தாலுக்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு, கேட்காமலே சொல்கிறேன். 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து என்ன செய்வது என்று காந்தி குழம்பிக்கொண்டிருந்தபோது சென்னையில் கஸ்தூரிரங்க ஐயங்கார் வீட்டில் தங்கியிருந்தார். நாடு முழுக்க ஹர்த்தால் என்ற யோசனை அங்கே விடியற்காலை அரைத்தூக்கத்தில் தோன்றியதாக ராஜாஜியிடம் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த ஹர்த்தால் ஏப்ரல் 6.

பந்த் பற்றி யாரும் எழுதவில்லையே. தமிழ்நாட்டில் செய்தித்தாள் தமிழ் ‘முழு அடைப்பு’. கேரளாவில் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 1997இல் கேரள உயர் நீதிமன்றம் பந்த் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது, அதே வருஷம் உச்ச நீதிமன்றமும் ஆமாம் என்றது. அதற்கப்புறம் அங்கே பந்த் நின்றுவிட்டது, எல்லாம் ஹர்த்தால் ஆகிவிட்டது. அதே பூட்டிய கடை, அதே ஓடாத பஸ், பெயர்தான் வேறு. எல்லைப் பக்கம் இருக்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

‘தர்ணா’வும் இப்படி வேறு தொழிலிலிருந்து வந்ததுதான். கடன் கொடுத்தவன் பணம் வரும்வரை கடன்காரன் வாசலில் பட்டினியாக உட்கார்ந்திருப்பது. ‘கெராவ்’ 1960களின் கடைசியில் வங்காளத்து ஆலைகளிலிருந்து புறப்பட்டது, அதிகாரியை வெளியே விடாமல் சுற்றி நின்றுகொள்வது. தமிழில் ‘முற்றுகை’, ஆனால் நம் ஊரில் கலெக்டர் ஆபீசுக்கு வெளியே நின்று கோஷம் போட்டாலே முற்றுகைதான், ஆகவே கையேட்டில் கொஞ்சம் விளக்கம் வேண்டும். பிக்கெட்டிங் ‘மறியல்’, இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது, ‘சாலை மறியல்’ மட்டும் வேறு சங்கதி.

---

பெஞ்சில்_இருக்கிறேன் எழுதியது:

லே-ஆஃப் இழப்பீடு பாதிச் சம்பளமா?? சோழிங்கநல்லூர் ஐ.டி. கம்பெனிகளில் நாங்கள் ‘லே-ஆஃப்’ என்று சொல்வது, பத்து மணிக்கு மீட்டிங் கூப்பிட்டு, பதினொன்றுக்கு லேப்டாப்பை வாங்கிவைத்துக்கொள்வதை. அதுவும் லே-ஆஃப் இல்லை, ராஜினாமா. நம்மையே டைப் பண்ணச் சொல்வார்கள்.

---

பிரிவு_இருபத்திரண்டு எழுதியது:

உங்களுடையது அமெரிக்க லே-ஆஃப். எங்கள் சட்டத்தில் அதற்கு ஆட்குறைப்பு என்று பெயர், அந்தப் பெயர் வந்தால் நோட்டீசும் இழப்பீடும் கூடவே வரும், அதனால்தான் ராஜினாமா டைப் பண்ணச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யாரையாவது கேளுங்கள் தம்பி.

---

கொழுந்துக்கூடை எழுதியது:

மலையகத்தையும் ஒருத்தரும் சொல்லவில்லை, அதனால் வந்தேன். பதுளைப் பக்கம், அம்மா ஓய்வு பெறும்வரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்.

தோட்டத்தில் ‘ஸ்ட்ரைக்’தான். பணிப்பகிஷ்கரிப்பு என்பது ரேடியோவில் கேட்கிறது. அம்மா ‘இன்னைக்கு வேலைக்கு எறங்கல’ என்பார், அவ்வளவுதான், அந்த ‘எறங்கல’வுக்குள் எல்லாம் அடக்கம்.

மெதுவாக வேலை செய்கிறது பற்றி எழுதியிருந்தீர்கள். தோட்டத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. நாளுக்கு இவ்வளவு கிலோ கொழுந்து என்று கணக்கு. அது வராவிட்டால் செக்ரோலில் (வேலை நாள் பதிகிற ஏட்டில்) ‘அரைப் பேர்’ போடுவார்கள், அதாவது பாதி நாள் சம்பளம். முழு நாள் மலையில் நின்றாலும் அரைப் பேர்தான். ஆலையில் மெஷினை மெதுவாக ஓட்டினால் மாதச் சம்பளம் எப்படியும் வருமா என்று எனக்குத் தெரியாது, எங்களுக்கு மெதுவாகச் செய்கிறதும் பாதிக் கூலி, செய்யாமல் விடுகிறதும் கூலி இல்லை. அதனால் கோ-ஸ்லோ வந்தால் அது துணிந்துதான் வரும்.

முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்ட ஸ்ட்ரைக்கில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மே தினத்தில் அந்தப் பெயரை இன்றைக்கும் எங்கள் பக்கம் சொல்லுவார்கள்.

---

ரிங்ஃபிரேம்_ரிட்டயர்டு எழுதியது:

அம்மா கொழுந்துக்கூடை, ஆலையிலும் இலவசம் இல்லை. கோ-ஸ்லோ என்றால் முதலில் சார்ஜ் மெமோ வரும், பிறகு உள்விசாரணை, பிறகு சம்பளப் பிடித்தம். வக்கீல் தம்பி சொல்வார், சட்டத்திலேயே அதைத் தொழிலாளி செய்யக்கூடாத காரியங்களில் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பாதிக்கூலி அன்றைக்கே கைக்கு வருகிற கொடுமை எங்களுக்கு இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிளாக்லெக் பாக்கி இருக்கிறது. ‘கருங்காலி’. வேறு எதுவும் எழுதாதீர்கள். ‘வேலைநிறுத்தத்தை முறிப்பவர்’ என்று எழுதினால் ஏதோ மல்யுத்த வீரர் மாதிரி இருக்கும். ஸ்டிரைக் நாளில் பின் கேட் வழியாக லாரியில் தார்ப்பாய் போட்டு மூடி ஆட்களைக் கொண்டுவருவார்கள், கேட்டில் நிற்கிறவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். இப்போது டி.வி.யில் கருங்காலி மாலை விற்கிறார்கள், போட்டால் அதிர்ஷ்டமாம். என் மருமகன் ஒன்று வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தான். இதைப் போட்டுக்கொண்டு சங்க ஆபீசுக்கு எப்படிடா போவேன் என்று கேட்டேன், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

---

சந்து_முனை_நூலகம் எழுதியது:

ஐயா, அது ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு இல்லையா? கரும், கால்.

---

ரிங்ஃபிரேம்_ரிட்டயர்டு எழுதியது:

நாங்கள் கேட்டது வேறு. கருங்காலி வைரம் பாய்ந்த மரம், கோடரிக்குக் காம்பு போட அதைத்தான் எடுப்பார்கள். காட்டை வெட்டுகிற கோடரிக்கு அந்தக் காட்டு மரமே காம்பு. ‘குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு’ என்று பழமொழி இருக்கிறதே. இங்கிலீஷ்காரன் காலுக்கும் எங்கள் மரத்துக்கும் பொருத்தம் அமைந்துவிட்டது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தலைவர் கேட் மீட்டிங்கில் பேசும்போது மரக்கதையைத்தான் சொல்வார், காலைப் பற்றி யாரும் பேசினதில்லை.

---

சந்து_முனை_நூலகம் எழுதியது:

சரி, மரமே இருக்கட்டும். ஆனால் கையேட்டில் போடுவதற்கு அது வசைச்சொல் இல்லையா? சட்ட விளக்கத்தில் ஒரு தரப்பின் வசையை எப்படிப் போடுவது? நான் சொல்வது இது: ‘பதிலாள்’ என்று போட்டுவிட்டுப் பேச்சுவழக்கில் கருங்காலி என்பார்கள் என்று சேர்த்துவிடலாம்.

---

ரிங்ஃபிரேம்_ரிட்டயர்டு எழுதியது:

ஆங்கிலத்தில் மட்டும் அது என்ன மரியாதைச் சொல்லா. தவிர ‘பதிலாள்’ என்று போட்டால் நான் பதிலியாக ஏழு வருஷம் கேட்டில் நின்றேனே, என்னையும் அதில் சேர்த்துவிடுவீர்கள்.

---

அகராதிப்பூச்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

இதுவரை முடிவு செய்தது: லாக்கவுட் வருகிற இடமெல்லாம் ‘ஆலைக் கதவடைப்பு’, முதல் தடவை வரும்போது ‘நிர்வாகம் தொழிலாளரை வெளியே நிறுத்தி ஆலையை மூடுவது’ என்று ஒரு வரி. முன்னால் ‘ஆலை’ இருப்பதால் யாழ்ப்பாணத்தில் யாரும் கடையைப் பூட்ட மாட்டார்கள் என்று நம்புகிறேன். லே-ஆஃப் அப்படியே லே-ஆஃப், பாதிச் சம்பளக் கணக்கோடு. வொர்க்-டு-ரூலுக்கு ‘சட்டப்படி வேலை’யைக் கொக்குவிலிடமிருந்து எடுத்துக்கொண்டேன், தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்கும் உடனே புரியும். ‘அரைப் பேர்’ என் கையேட்டில் எங்கேயும் வராது, ஆனாலும் குறித்து வைத்துக்கொண்டேன். 2020 சட்டத் தொகுப்பு விஷயத்தைக் கேட்டபோது பதிப்பகத்தார் அமைதியாகிவிட்டார்கள், மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும் போல.

தறிச்சத்தம் அண்ணா, உங்கள் கேள்விக்குக் கையேட்டில் இடமே இல்லை. ‘வேலை கொடுப்பவர்’ என்று ஒரு பக்கம், ‘வேலை செய்பவர்’ என்று ஒரு பக்கம், நடுவில் கோடு போட்டு அட்டவணையாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

---

தறிச்சத்தம் எழுதியது:

கோட்டு மேலேயே எட்டுத் தறி போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.